வந்த ஊரில் வழங்கும் முறை

கொடை என்ற சொல்லைக் கேட்ட அளவில் தமிழ் நெஞ்சம் முதலில் எண்ணுவது முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும், பரிசிலர்க்குக் களிறு வழங்கிய வேந்தரையுமே ஆகும். அவர்கள் தம் மண்ணில் நின்று கொடுத்தவர்கள். நாடு அவர்களுடையது; மக்கள் அவர்களுடையவர்; புகழ் பாடிய மொழியும் அவர்களுடையதே. எனவே, கொடுப்பதற்கு முன் அவர்கள் எவரிடமும் இசைவு கேட்க வேண்டியிருக்கவில்லை.

வரலாறு வேறு வகையான கொடையாளன் ஒருவனையும் காட்டுகின்றது. அவன் கடல் கடந்து வந்தவன். வந்து இறங்கிய நகரில் அவனுக்குக் காணி இல்லை, சுற்றம் இல்லை, ஊரார் பேசும் மொழியும் அவனுக்கு முழுதாக வாய்க்கவில்லை. அவனிடம் இருப்பது பொருள் ஒன்றே. அப்பொருளில் ஒரு பங்கை அந்நகருக்கு அவன் கொடுக்க விரும்புகின்றான்; அல்லது கொடுத்தே ஆக வேண்டிய நிலையில் இருக்கின்றான். யாருக்குக் கொடுப்பது, யார் இசைவோடு கொடுப்பது, எம்மொழியில் அதனை அறிவிப்பது, கொடுத்தபின் அதனைக் காப்பவர் யார் என்னும் வினாக்கள் அவன் முன் எழுகின்றன. கொடையில் தவறினால் அவன் செருக்குடையவன் எனப்படுவான். கொடாது இருந்தாலோ நன்றி இல்லாதவன் எனப்படுவான்.

இவ்வினாக்களுக்கு இந்தியப் பெருங்கடலின் துறைமுக நகரங்கள் ஓராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக விடை கண்டு வந்துள்ளன. அவ்விடைகள் நூலாக எழுதப்படவில்லை. கல்லிலும் செம்பிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒருசேர வைத்து நோக்கினால், வந்தேறியோரின் கொடைக்கென ஒரு நெறி நிலவியது புலனாகும். அந்நெறியையும், அது பிறழ்ந்த இடங்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருக்கைகளில் பொறித்த பெயர்கள்

இவ்வகைச் சான்றுகளுள் மிகத் தொன்மையானது இலங்கையின் அநுராதபுரத்தில் உள்ளது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் பிராமி எழுத்துப் பொறிப்பு ஒன்று, தமிழ் இல்லறத்தார் கூடுவதற்கென அமைக்கப்பட்ட ஒரு மேடையைப் பற்றிக் கூறுகின்றது. அதனை அமைத்தவர் இலுபரதம் என்னும் இடத்தில் வாழ்ந்த தமிழ்ச் சமணர், அதாவது துறவி ஒருவர் என்று அது குறிப்பிடுகின்றது. மேடையின் இருக்கைகள் ஒரே மட்டத்தில் அமையாமல் உயர்ந்தும் தாழ்ந்தும் அமைந்துள்ளன. ஒவ்வோர் இருக்கையின் மேலும் அதற்குரியவரின் பெயர் வெட்டப்பட்டுள்ளது. அவர்களுள் ஒருவர் நாவிகர், அதாவது மரக்கலத் தலைவர். அவருடைய இருக்கையே உயர்ந்த இடத்தில் உள்ளது.

இப்பொறிப்பில் இரண்டு செய்திகள் நோக்கத்தக்கவை. அயல்நாட்டில் வாழ்ந்த தமிழர் தனித்தனியே சிதறி வாழாமல் ஓர் அவையாகக் கூடினர் என்பது ஒன்று. தாம் தமிழர் என்பதை எழுதிய அவர்கள், அதனைத் தமிழில் எழுதாமல் அந்நாட்டில் வழங்கிய பிராகிருதத்தில் எழுதினர் என்பது மற்றொன்று. தம் அடையாளத்தை மறைக்கவும் இல்லை. அதனை ஊரார் படிக்க முடியாத மொழியில் பொறிக்கவும் இல்லை. பிற்காலத்தில் விரிந்த கொடைநெறியின் வித்து இப்பொறிப்பிலேயே உள்ளது எனலாம்.

இசைவு பெறுதல்

வந்தவன் கொடையின் முதற்படி, இருப்பவர் இசைவைப் பெறுதல். இதனைத் தெளிவாகக் காட்டுவது கொல்லத்தின் தரிசாப்பள்ளிச் செப்பேடு. சேர வேந்தன் தாணுரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், கி.பி. 849இல், வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள் இதனை வழங்கினார். பாரசீகம் சார்ந்த கிறித்தவ வணிகர் எழுப்பிய பள்ளிக்கு நிலமும், குடிகளும், உரிமைகளும் அளிக்கப்படுவதை இது பதிவு செய்கின்றது. பள்ளியைக் கட்டியவர் வந்தவர். அதற்கு நிலைபேறு தந்தவர் ஊரை ஆள்பவர். அப்பள்ளியைக் காக்கும் பொறுப்பு அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுக்களுக்கு உரித்தாக்கப்பட்டது.

இச்செப்பேட்டின் இறுதியில் சான்று கூறுவோர் இட்ட கையொப்பங்கள் அரபி, பகலவி, எபிரேய எழுத்துகளில் உள்ளன. ஒரு கிறித்தவப் பள்ளிக்கான ஆவணத்தில் இசுலாமியரும், சரதுசுத்திரர் வழியினரும், யூதரும் சான்றாளராக நின்றுள்ளனர். ஒருவன் பெறும் உரிமைக்குப் பிற வந்தேறிகளும் உடன்பட்டுச் சான்றுரைத்தல் வேண்டும் என்பது அந்நகரின் வழக்கமாக இருந்திருத்தல் வேண்டும். புதியவனின் கொடையால் முன்னரே வந்து தங்கியவனுக்கு இடையூறு நேரலாகாது என்னும் எண்ணம் இதன் அடியில் உள்ளது.

இதே நெறியைச் சீனத்தின் சுவான்சௌ நகரிலும் காணலாம். அங்குக் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு சக ஆண்டு 1203, சித்திரைத் திங்கள் சித்திரை நாளில், அதாவது கி.பி. 1281இல் பொறிக்கப்பட்டது. சம்பந்தப் பெருமாள் என்னும் தவச்சக்கரவர்த்திகள் அந்நகரில் சிவபெருமானை எழுந்தருளச் செய்த செய்தியை அது கூறுகின்றது. செகசைக் கான் எனக் கல்வெட்டு குறிப்பிடும் மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின் உடல் நலம் வேண்டியும், அவர்தம் ஆணையின்படியும் இது நிகழ்ந்தது. ஆணையைக் குறிக்கும் 'பரிமான்' என்னும் சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. தமிழன் ஒருவன், மங்கோலியன் ஆளும் சீன நகரில், பாரசீகச் சொல்லால் இசைவைக் குறித்துச் சைவக் கோயில் எடுக்கின்றான். அவனுடைய இறைவனிடம் அவன் முதலில் வேண்டுவது தன் நலத்தை அன்று. இடந்தந்தவனின் நலத்தையே ஆகும்.

முன்னவர் போற்றுவதைப் போற்றுதல்

இரண்டாம் படி இன்னும் நுட்பமானது. வந்தவன் தன் வழிபாட்டுக்கு இடம் அமைத்துக்கொள்வதோடு நின்றால், அவன் கொடை தனக்கே தந்துகொண்ட கொடையாகும். ஆதலின், ஊரார் ஏற்கெனவே போற்றிவரும் இடத்துக்கும் அவன் பங்கு சேருதல் வேண்டும்.

நாகப்பட்டினம் இதற்குத் தக்க சான்றாகும். இங்கு வந்தேறி தமிழன் அல்லன்; தமிழன் வரவேற்கும் இடத்தில் இருக்கின்றான். சிறீவிசய நாட்டு மன்னன் சூளாமணிவர்மன் நாகையில் ஒரு பௌத்த விகாரம் எடுக்கத் தொடங்கினான். அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் அதனை முடித்தான். முதலாம் இராசராசன் தன் இருபத்தோராம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரை அவ்விகாரத்துக்குப் பள்ளிச்சந்தமாக அளித்தான். அவ்வூரின் நெல் வருவாய் எண்ணாயிரத்துத் தொள்ளாயிரம் கலத்துக்கும் மேற்பட்டது. தந்தை வாய்மொழியாக அளித்ததை மகன் இராசேந்திரன் செப்பேட்டில் எழுதுவித்தான். நெதர்லாந்தின் இலெய்டன் நகரில் நெடுங்காலம் வைக்கப்பட்டிருந்தமையால் இலெய்டன் பெரிய செப்பேடுகள் என அவை பெயர் பெற்றன. இருபத்தோர் ஏடுகளுள் ஐந்து வடமொழியிலும் பதினாறு தமிழிலும் அமைந்தவை.

அதே காலத்தில் நாகைக் காரோணத்துச் சிவன் கோயிலில் வேறு சில கல்வெட்டுகள் தோன்றின. சிறீவிசய மன்னனின் அலுவலரும் கிடாரத்து அரசனின் அலுவலரும் அக்கோயில் இறைவனுக்கு அணிகலன்களும் விளக்குகளும் வழங்கியதை அவை கூறுகின்றன. அவற்றுள் சீனக்கனகம், அதாவது சீனப் பொன் குறிக்கப்படுவது சிறப்பாக நோக்கத்தக்கது. பௌத்த மன்னன் தன் விகாரத்தை எடுத்த ஊரில், அவ்வூர்ச் சிவனுக்கும் பொன் தருகின்றான். ஊரின் பழைய தெய்வத்துக்குத் தலைவணங்காமல் புதிய பள்ளியின் மணியை ஒலிக்கச் செய்தல் முறையாகாது என அவன் அறிந்திருந்தான்.

இதே சிறீவிசயத்தின் பெயர் தென்சீனத்துக் கண்டன் நகரிலும் காணப்படுகின்றது. அங்கிருந்த தாவோ நெறிக் கோயில் ஒன்று 1052ஆம் ஆண்டுக் கலகத்தில் அழிந்தது. அதனை மீண்டும் எடுக்கச் சிறீவிசயத் தலைவர் ஒருவர் பொருள் அளித்த செய்தியை 1079ஆம் ஆண்டுச் சீனக் கல்வெட்டு ஒன்று பதிவு செய்துள்ளது. அத்தலைவர் முதற் குலோத்துங்கனாக இருக்கலாம் எனச் சில அறிஞர் கருதினர். பலர் அதனை ஏற்கவில்லை. அவர் யாராயினும் ஆகுக. நாகையில் சிவனுக்கும் கண்டனில் தாவோ தெய்வத்துக்கும் பௌத்த அரசின் பொருள் சென்றது என்பது போதிய சான்றாகும். எரிந்துபோன கோயிலை எடுத்துக் கட்ட உதவுவதைக் காட்டிலும் ஊரார் நெஞ்சில் இடம்பெறும் வழி வேறில்லை.

பொதுவில் வைத்தல், அடைக்கலம் தருதல்

தாய்லாந்தின் மேலைக் கடற்கரையில் உள்ள தக்குவாபாவில் ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. சிதைந்த நிலையில் உள்ள அக்கல், நாங்கூர் உடையான் ஒருவன் தோண்டிய குளத்தைப் பற்றிக் கூறுகின்றது. குளத்தின் பெயர் அவனிநாரணம். அவனிநாரணன் என்பது பல்லவன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். நாங்கூர் சோழநாட்டில் சீர்காழிக்கு அருகில் உள்ள ஊர். குளம் மணிக்கிராமத்தாரும் சேனாமுகத்தாரும் உள்ளிட்டோர்க்கு அடைக்கலமாக வைக்கப்பட்டது.

அயல் மண்ணில் ஒருவன் செய்யக்கூடிய கொடைகளுள் குளம் தனித்தன்மை உடையது. கோயிலுக்குள் புக ஒருவனுக்கு நெறியும் குலமும் வேண்டப்படலாம். குளத்து நீரை முகக்கத் தாகம் ஒன்றே போதும். நாங்கூரான் தன் பெயரைக் குளத்துக்கு இடவில்லை என்பதும், தானே அதன் உடைமையாளன் எனக் கூறிக்கொள்ளவில்லை என்பதும் கருதத்தக்கவை. கடலோடி ஒருவன் எந்நாளும் ஓரூரில் இருப்பவன் அல்லன். பருவக்காற்று மாறினால் புறப்பட வேண்டியவன். ஆகவே, தான் இல்லாத காலத்திலும் இருக்கக்கூடிய ஓர் அமைப்பினிடம் தன் கொடையை ஒப்படைக்கின்றான். 'அடைக்கலம்' என்னும் அச்சொல்லில் அவனுடைய பிரிவும் அடங்கியுள்ளது.

பர்மாவின் பகான் நகரத்துக் கல்வெட்டு பதின்மூன்றாம் நூற்றாண்டினது. மலைமண்டலத்து மகோதயர் பட்டினத்தைச் சேர்ந்த இராயிரன் சிறியான் ஆன குலசேகர நம்பி, அங்கிருந்த நானாதேசி விண்ணகர் ஆழ்வார் கோயிலுக்கு மண்டபமும், திருக்கதவும், நின்றெரியும் நிலைவிளக்கு ஒன்றும் தந்ததை அது கூறுகின்றது. கோயிலின் பெயரே நெறியை உணர்த்துகின்றது. நானாதேசிகள் என்போர் பல நாடுகளிலும் சென்று வணிகம் செய்த குழுவினர். கோயில் முன்பே இருந்தது. நம்பி புதிய கோயில் எடுக்கவில்லை. இருப்பதற்கு ஒரு மண்டபம் சேர்த்தான், கதவு இட்டான், விளக்கு ஏற்றினான். முன்னோர் தொடங்கியதைத் தொடர்வதும் புதியவனுக்கு உரிய பணிவே ஆகும். இக்கொடை மலைமண்டலத்தாரின் தர்மம் என்று சொல்லி முடிக்கும்போது, தன் புகழைத் தன் நாட்டாரின் புகழாக அவன் ஆக்கிவிடுகின்றான்.

ஏற்பவர்க்கும் ஒரு நெறி

கொடுப்பவன் நெறியைப் போலவே கொள்பவன் நெறியும் இன்றியமையாதது. சௌ சூகுவா என்னும் சீன அலுவலர் 1225ஆம் ஆண்டளவில் எழுதிய நூலில் ஒரு நிகழ்ச்சி இடம்பெற்றுள்ளது. கி.பி. 984க்கும் 988க்கும் இடைப்பட்ட காலத்தில் இந்தியத் துறவி ஒருவர் கடல்வழியே சுவான்சௌ வந்தார். அங்குக் குடியிருந்த அயல்நாட்டு வணிகர் போட்டியிட்டுக்கொண்டு அவருக்குப் பொன்னும் பட்டும் மணிகளும் அளித்தனர். அவர் அவற்றுள் எதனையும் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. நகரின் தென்புறத்தில் நிலம் வாங்கி ஒரு பௌத்தப் பள்ளியை எழுப்பினார்.

அவ்வணிகர் கொடுத்தது தம் நாட்டின் பக்கமிருந்து வந்த ஒருவருக்கு. அவர் அதனைத் திருப்பிக் கொடுத்தது தம்மை ஏற்ற ஊருக்கு. தம்மவர்க்கே கொடுத்துக்கொள்ளும் வட்டத்தை அத்துறவி இவ்வாறு திறந்துவிட்டார். நிலத்தை அவர் விலை கொடுத்து வாங்கினார் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. அறத்துக்காகவேனும் பிறர் நிலத்தை விலையின்றிக் கொள்ளலாகாது என்பது அதில் அமைந்த குறிப்பாகும்.

இரு மொழி, மும்மொழி

கொடையை அறிவிக்கும் மொழி வெறும் ஒலி அன்று. அதுவே ஒரு மதிப்பு. சௌராட்டிரத்துச் சோமநாதத்தில் 1264ஆம் ஆண்டு நிகழ்ந்தது இதனை நன்கு விளக்கும். ஓர்முசு நகரத்து மரக்கலத் தலைவர் நூருத்தீன் பிரூசு அங்கு ஒரு பள்ளிவாசல் எழுப்பினார். சோமநாதக் கோயிலைக் கசினி மாமூது 1025ஆம் ஆண்டளவில் கொள்ளையிட்ட நினைவு மறைந்திருக்க இயலாத ஊர் அது. அவ்வூரில் ஓர் இசுலாமியர் பள்ளிவாசலுக்கு நிலம் வேண்டி நிற்கின்றார். உள்ளூர்ப் பெரியவரான சாடர் என்பவர் துணையோடு, ஊர்ப் பெருமக்கள் அறிய நிலம் பெறப்பட்டது. வடமொழிக் கல்வெட்டு சாடரைப் பிரூசின் அறத்தோழர் என்றே கூறுகின்றது.

செய்தி அரபியிலும் வடமொழியிலும் தனித்தனியே பொறிக்கப்பட்டது. வடமொழிப் பகுதி இறைவனை விசுவநாதன், விசுவரூபன், சூனியரூபன் என அவ்வூர் மக்கள் அறிந்த பெயர்களால் போற்றித் தொடங்குகின்றது. ஆண்டைக் கூறும்போது இசிரி 662, விக்கிரம 1320, வலபி 945, சிம்ம 151 என நான்கு கணக்குகளும் தரப்பட்டுள்ளன. படிப்பவன் எந்தக் கணக்கில் வாழ்பவனாயினும் அவனுக்குத் தன் ஆண்டு அக்கல்லில் உண்டு. பள்ளிவாசலுக்கென ஒரு செக்கும் கடைகளும் விடப்பட்டன. செலவு போக மிகுந்த பொருள் மெக்கா, மதீனா நகரங்களுக்கு அனுப்பப்பட வேண்டும் எனவும், மரக்கலத் தலைவர், மாலுமிகள், செக்கார் முதலிய இசுலாமியக் கூட்டத்தார் அறத்தைக் காக்க வேண்டும் எனவும் வகை செய்யப்பட்டது. ஊரின் எளிய தொழிலாளரும் காவலராக்கப்பட்டமையால், அக்கொடை அயலானின் கொடையாக மட்டும் நிற்கவில்லை.

மும்மொழிக்குச் சான்று இலங்கையின் காலி நகரில் 1911இல் கண்டெடுக்கப்பட்ட கல். சீனக் கடற்படைத் தலைவர் செங்கோ கொணர்ந்தது அது. அதில் பொறித்த ஆண்டு கி.பி. 1409. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இசுலாமிய நெறிக்கும் உரிய காணிக்கைகளைக் கூறுகின்றன. பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம், பட்டுகள், நறுநெய் இரண்டாயிரத்து ஐந்நூறு கட்டி எனச் சீனப் பகுதியில் நீளும் பட்டியலுக்கு ஒத்ததையே மற்றவையும் தருகின்றன. மூன்று சமயத்தார்க்கும் பெரும்பாலும் ஒத்த அளவில் பங்கு. ஒவ்வொருவர்க்கும் அவர்தம் மொழியிலேயே வணக்கம். சீனப் பேரரசு இலங்கையின் கடற்கரையில் பேசத் தேர்ந்த மொழிகளுள் தமிழும் ஒன்றாக இருந்தது, இந்நெறியில் தமிழர் நெடுங்காலம் பழகியிருந்தமைக்குச் சான்றாகும்.

நெறி பிறழ்ந்த இடங்கள்

இவற்றைக் கண்டு, துறைமுகங்கள் யாவும் அன்பினால் இயங்கின எனக் கொள்ளுதல் பிழையாகும். கொடைக்குப் பின்னால் வணிகம் இருந்தது. சில வேளைகளில் வாளும் இருந்தது.

சுமத்திராவின் பரூசு பகுதியில் உள்ள சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினது. மரக்கலத் தலைவரும் கலம் செலுத்துவோரும் கத்தூரி விலையை அளவாகக் கொண்டு பொன் செலுத்திய பின்னரே உள்ளே வரலாம் என்பது அதன் ஆணை. இது விருப்பக் கொடை அன்று, விதித்த கட்டணம். ஆயினும், அறத்தை மறவற்க என்னும் அறிவுரையோடுதான் அக்கல்வெட்டும் முடிகின்றது. கட்டணம் விதித்தவரும் அறத்தின் பெயரைத் துணைக்கு அழைத்தல் வேண்டியிருந்தது. அது வெறும் போர்வை என ஒருவர் கூறலாம். ஆனால் போர்வைக்கென ஒருவன் தேர்ந்தெடுக்கும் துணி, அவன் காலத்தார் எதனை மதித்தனர் என்பதைக் காட்டிவிடும்.

காலிக் கல்லின் பின்கதை இன்னும் கசப்பானது. மும்மூர்த்திகளுக்கு நிகரான மும்மதக் காணிக்கையோடு வந்த அதே செங்கோவின் மூன்றாம் பயணத்தில், இலங்கைத் தலைவன் அழகேசுவரனுக்கும் சீனப் படைக்கும் போர் மூண்டது. 1411ஆம் ஆண்டு அவன் சிறைப்பட்டுச் சீனத்துக்குக் கொண்டு செல்லப்பட்டான். பின்னர்ப் பேரரசரால் விடுவிக்கப்பட்டான். கல்லில் குறை ஒன்றும் இல்லை. மொழி உண்டு, சமநோக்கு உண்டு, அளவும் உண்டு. இல்லாதது ஒன்றே: அக்கல் சீன மண்ணிலேயே செதுக்கப்பட்டுக் கப்பலில் வந்தது. ஊராரைக் கேட்டு எழுதப்பட்டதன்று. ஊராரிடம் ஒப்படைத்து எழுதப்பட்டதும் அன்று. கொல்லத்தின் சான்றாளர்களும், சோமநாதத்தின் சாடரும், தக்குவாபாவின் மணிக்கிராமத்தாரும் நிற்கும் இடம் காலிக் கல்லில் வெறுமையாக உள்ளது.

தமிழ் வரலாறும் இவ்வகையில் குற்றமற்றது அன்று. ஆனைமங்கலம் அளித்த இருபது ஆண்டுகளுக்குள், 1025ஆம் ஆண்டளவில், இராசேந்திரனின் கடற்படை சிறீவிசயத்தையும் கடாரத்தையும் தாக்கியது. தந்தையின் கொடையைச் செப்பேட்டில் ஏற்றிய அதே கை, கொடை பெற்றவனின் தலைநகரின் மேல் படை ஏவியது. இருப்பினும் நாகையின் விகாரம் நிலைத்து நின்றது. 1090இல் கிடாரத்து அரசன் தூதர் வழியாக விடுத்த வேண்டுகோளை ஏற்று, முதற் குலோத்துங்கன் அப்பள்ளிக்குரிய ஊர்களின் வரிகளை நீக்கினான். போர் கொடையை விழுங்கவில்லை. இரண்டு அரசுகளுக்கு இடையே பகை வளர்ந்த காலத்திலும் நாகையில் ஆனைமங்கலத்து நெல் பிக்குகளுக்கு உரியதாகவே இருந்தது எனின், நட்பு முறிந்த பின்னும் முறியாதபடி கொடையை அமைத்த அந்தச் செப்பேட்டின் வலிமையே அதற்குக் காரணம் எனலாம்.

கொடையின் பின்வாழ்வு

கொடுத்தவன் மறைந்தபின் கொடை என்னாகும்? சுவான்சௌவில் 1357 முதல் 1366 வரை நிகழ்ந்த கலகத்தில் அயல்நாட்டு மக்கள் பெரிதும் அழிந்தனர். சைவக் கோயிலும் இன்று இல்லை. ஆயினும் அதன் தூண்களும் சிற்பங்களும் அந்நகரின் கையுவான் பௌத்தக் கோயில் முதலிய இடங்களில் பதிக்கப்பட்டுள்ளன. மிங் காலத்துப் பழுதுபார்ப்பில் எடுத்து வைக்கப்பட்ட அத்தூண்கள், கண்ணன் கதைகளைத் தாங்கியவாறே புத்தரின் பெருமண்டபத்தையும் தாங்கி நிற்கின்றன. தெனவரை நாயனாரின் கோயிலைப் போர்த்துக்கீசியர் 1588இல் அழித்தனர். நாகையில் நின்ற பழைய செங்கற் கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. அவனிநாரணக் குளத்தின் பெயரை ஓர் உடைந்த கல் மட்டுமே அறியும்.

இந்நிலையை முன்னரே உணர்ந்தவர்போல் நம் கல்வெட்டுப் புலவர் ஒரு தொடரை வழக்காக்கினர். இவ்வறத்தைக் காப்பவனின் அடி என் தலைமேல் என்பது அதன் கருத்து. கொடுப்பவன், தான் காணப்போகாத ஒருவனின் காலடியைத் தன் தலையில் தாங்குகின்றான். அக்காவலன் எக்குலத்தான், எந்நெறியான், எம்மொழியான் என்று அவன் கேட்கவில்லை. ஈகையின் பெருமை கொடுத்த கையோடு முடிந்துவிடுவதில்லை. காக்கும் கையிலும் அது பாதி உண்டு என்னும் உண்மையை இதனைவிடச் சுருங்கக் கூறுதல் அரிது.

பிற்காலத்துச் சிங்கப்பூரில் இத்தொடரின் பொருள் மீண்டும் விளங்கியது. 1819இல் பினாங்கிலிருந்து இராபிள்சுடன் வந்த நாராயண பிள்ளை 1827இல் சவுத்து பிரிட்சு சாலையில் மரமும் கீற்றும் கொண்டு மாரியம்மன் கோயிலை எழுப்பினார். அதே சாலையில், தமிழகத்திலிருந்து சென்ற சூலியா முசுலிம்கள் 1826இல் நிறுவிய சாமியா பள்ளிவாசல் உள்ளது. சுற்றிலும் சீனர் குடியிருந்த பகுதி அது. 1973இல் கோயிலும், 1974இல் பள்ளிவாசலும் அந்நாட்டின் தேசியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. வந்தேறிகளின் காணிக்கை, ஊரின் உடைமையாக மாறிய நாள் அது. கல்வெட்டு வேண்டிய அந்தக் காவலன் அங்கு வந்து சேர்ந்தான்.

முடிவாக

இதுகாறும் கண்டவற்றால் வந்த ஊரில் வழங்கும் முறை ஒருவாறு தெளிவாகின்றது. இருப்பவர் இசைவைப் பெறுதல், அவர் போற்றுவதைத் தானும் போற்றுதல், அனைவர்க்கும் பயன்படுவதைத் தேர்தல், அவர் மொழியிலும் கூறுதல், தன் பெயரைக் குழுவின் பெயருள் அடக்குதல், காக்கும் உரிமையைப் பிறரிடம் ஒப்படைத்தல் என்பன அதன் கூறுகள். இவற்றுள் இறுதியானதே கடினமானது. பொருளைக் கொடுத்தல் எளிது. கொடுத்த பொருளின் மீதுள்ள பிடியைக் கொடுத்தல் அரிது.

திருவள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாமல், அதற்கு முன்னர் ஒப்புரவறிதல் என்றும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஊரோடு ஒத்து வாழ்தலை அறிந்த பின்னரே ஈகை அமைய வேண்டும் என அவ்வைப்புமுறைக்குப் பொருள் கொள்ளலாம். கடல் கடந்த வணிகர் அனைவரும் குறளைக் கற்றவர் அல்லர். அவருள் பலர் தமிழரும் அல்லர். எனினும் அவர்கள் வாழ்ந்து காட்டிய முறைக்கு அவ்விரண்டு அதிகாரங்களின் வரிசை சாலப் பொருந்துகின்றது.

இன்று உலகின் பல நகரங்களில் தமிழர் புதியவராய்ச் சென்று வாழ்கின்றனர்; தமிழ் வழங்கும் நகரங்களுக்கும் பிற மொழியாளர் பிழைப்பு நாடி வருகின்றனர். இருசாராரும் கல்வெட்டின் இரு பக்கத்திலும் நின்று பழகிய மரபுக்கு உரியவர். நாகையில் நாம் நிலம் தந்தோம். சுவான்சௌவில் நாம் இசைவு வேண்டி நின்றோம். ஒன்றை மட்டும் நினைத்து மற்றொன்றை மறப்பின், நம் வரலாற்றில் பாதியை இழந்தவராவோம். கவிதை பாடுவோர்க்கும் இதில் ஒரு பணி உண்டு. வென்றவனைப் பாடும் மெய்க்கீர்த்திகள் நம்மிடம் ஏராளம். அயலூரில் குளம் தோண்டி, அதற்குத் தன் பெயரும் இடாது, அடைக்கலம் எனச் சொல்லிப் புறப்பட்டுப் போன நாங்கூரானைப் பாடிய பாட்டுக்குக் கல்லில் இன்னும் இடம் இருக்கின்றது.